ஆதித் திருச்சபையிலும் ஆதி இஸ்லாத்திலும் மாற்றுத்திறனாளிகள்: பேச்சுத் தயாரிப்பது எப்படி

பிறந்ததிலிருந்தே எனக்குப் பார்வை இல்லை. என்னை முன்வரிசையில் அமர்த்திவிட்டு, இயேசு பார்வை கொடுத்த அற்புதத்தோடு உரையை முடித்துக்கொள்பவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். அந்த மனிதர் பிறகு என்ன செய்தார் என்று எவரும் சொல்வதில்லை. இந்தத் தலைப்பில் பேசப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே அதுதான்.

யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தை முழுவதும் படியுங்கள். ஒருவருடைய பிறவிக் குருட்டுக்குக் காரணம் அவருடைய பாவமா, பெற்றோரின் பாவமா என்று சீடர்கள் கேட்க, இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. பெரும்பாலான உரைகள் இங்கேயும் அற்புதத்திலும் நின்றுவிடுகின்றன. அதற்குப் பின்னர்தான், பெற்றோரே பயந்து ஒதுங்கிய விசாரணையில் பார்வை பெற்ற அந்த மனிதர் யூத சமயத் தலைவர்களான பரிசேயர்களிடம் நேருக்கு நேர் வாதாடி, வெளியே தள்ளப்படுகிறார். கூடவே 5ஆம் அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 38 ஆண்டுகள் நோயாளியாகக் கிடந்தவரிடம், இனிப் பாவம் செய்யாதே என்று அதே இயேசு சொல்கிறார். சங்கடமாக இருக்கிறது என்பதற்காக அதை மறைக்காதீர்கள்.

அடுத்தது குர்ஆனின் 80ஆம் அத்தியாயம். மக்காவின் குறைஷிக் குலத் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த நபிகள் நாயகம், இடையில் வந்த பார்வையற்றவரைக் கண்டு முகம் சுளித்ததை இறைவன் கண்டித்தான் என்பது சுன்னி விரிவுரையாளர்களின் விளக்கம். குர்ஆனில் அவர் பெயர் இல்லை. அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் என்று மரபு சொல்கிறது. எது வேதம், எது ஹதீஸ் (நபிமொழி), எது விரிவுரை என்பதைக் கேட்பவர்களுக்குப் பிரித்துக் காட்டுங்கள். பிறகு அவருடைய பணிக்கு வாருங்கள், இங்கே அவசரப்படாதீர்கள். நபித்தோழர் பிலாலோடு மதீனாவில் பாங்கு (தொழுகை அழைப்பு) சொன்னவர் அவர். பிலாலின் பாங்கு இரவிலேயே கேட்டுவிடும். இப்னு உம்மி மக்தூமின் பாங்கு வரும்வரை உண்ணலாம், பருகலாம் என்பது நபிமொழி. விடிந்துவிட்டது என்று பிறர் சொன்னதும் அவர் அழைப்பார். ஓர் ஊரே நோன்பைத் தொடங்கியது பார்வையற்ற ஒருவரின் குரலைக் கேட்டுத்தான்! நபிகள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பும் அவரிடம் விடப்பட்டது.

சட்டத்தை நடைமுறையோடு ஒப்பிடுங்கள். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுக்கப்பட்ட அப்போஸ்தலர் விதிகள் என்ற திருச்சபைச் சட்டங்கள், ஒற்றைக் கண்ணரும் கால் ஊனமுற்றவரும் தகுதியிருந்தால் ஆயராகலாம் என்கின்றன. முற்றிலும் பார்வையற்றவரும் காது கேளாதவரும் ஆக முடியாது. தீட்டு காரணமல்ல, திருச்சபைப் பணி தடைபடும் என்கிறது விதி. எனக்கு அது போதுமான காரணமாகப் படவில்லை. அதே நூற்றாண்டில்தான் நான்கு வயதில் பார்வையிழந்த திதிமுஸ், அலெக்சாந்திரியாவில் ஆசிரியராக விளங்கினார். விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அவரிடம் பாடம் கேட்டார்.

ஆயர் பேசிலியார் செசரியாவில் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் நிறுவிய இல்லம், பார்வையற்றோருக்கு வழிகாட்டிகளை அமர்த்தியதாகச் சொல்லப்படும் கலீஃபா முதலாம் வலீத் போன்ற செய்திகளுக்குச் சில நிமிடங்கள் போதும். லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தை மட்டும் தருமத்துக்கான ஆதாரமாகச் சுருக்கிவிடாதீர்கள். அங்கே ஊனமுற்றோர் விருந்தினர்களாகப் பந்தியில் அமர்கிறார்கள்.