கூட படிக்கிறவங்க எழுதினதுக்கு மனசு நோகாம கருத்து சொல்றது எப்படி?

"இதை கொஞ்சம் படிச்சு எப்படி இருக்குனு சொல்லேன்"னு ஃப்ரெண்ட் ஒரு கட்டுரையை கைல குடுத்தா, நம்மள்ல பாதி பேர் "சூப்பரா இருக்கு"னு திருப்பி குடுத்துடுவோம், மீதி பேர் பேனாவ எடுத்து ஒற்றுப்பிழையா தேடித்தேடி வட்டம் போட ஆரம்பிச்சிடுவோம். ரெண்டுலயுமே எழுதினவங்களுக்கு பெருசா ஒண்ணும் கிடைக்காது.

படிக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, இது எதுக்கு எழுதினது, எப்போ குடுக்கணும், உனக்கே எந்த இடத்துல சந்தேகம் இருக்கு? நாளைக்கு காலைல சப்மிட் பண்ணணும்னா இன்னைக்கு ராத்திரி "மொத்த அமைப்பையும் மாத்து"னு சொல்றது கொடுமை, அப்போ எழுத்துப்பிழை, விட்டுப்போன வார்த்தை, இதை மட்டும் பாத்து குடுங்க. முதல் டிராஃப்ட்னா அப்படியே தலைகீழ், ளகர ழகரம் திருத்தி என்ன பிரயோஜனம், அந்த பாராவே அடுத்த டிராஃப்ட்ல இருக்குமானு தெரியாதே.

ரெண்டு தடவ படிங்க. முதல் தடவ பேனாவே வேண்டாம், சும்மா வாசகரா படிங்க. ரெண்டாவது தடவ, எங்க சிரிச்சீங்க, எங்க கவனம் சிதறிச்சு, எந்த வரிய திரும்ப படிக்க வேண்டி வந்துச்சு, அதை மட்டும் ஓரத்துல குறிச்சுக்கோங்க.

ஏதோ சரியில்லனு தோணுது ஆனா என்னனு பிடிபடலனா நன்னூல் கைகுடுக்கும். 13ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின இலக்கணம், அதுல ஒரு நூலுக்கு வரக்கூடாத குற்றம் 10, இருக்க வேண்டிய அழகு 10னு பட்டியலே இருக்கு. கூறியது கூறல்னா சொன்னதையே திரும்ப சொல்றது, மற்றொன்று விரித்தல்னா எடுத்த விஷயத்த விட்டுட்டு வேற எங்கயோ போறது, சென்று தேய்ந்து இறுதல்னா நல்லா ஆரம்பிச்சு போகப்போக தேஞ்சு முடியறது. ஸ்கூல் கட்டுரை, காலேஜ் அசைன்மென்ட் எதை எடுத்தாலும் இந்த மூணுல ஒண்ணு இருக்கும். ஆனா இந்த பேரெல்லாம் நீங்க கண்டுபிடிக்கறதுக்குத்தான், அவங்க முகத்துக்கு நேரா "இது கூறியது கூறல்"னு சொன்னா தீர்ப்பு எழுதின மாதிரி ஆயிடும். அதுக்கு பதிலா படிக்கும்போது உங்களுக்கு என்ன ஆச்சுனு சொல்லுங்க. "ரெண்டாவது பாராவும் நாலாவது பாராவும் எனக்கு ஒரே விஷயம் மாதிரி இருந்துச்சு, நீ வேற ஏதாவது சொல்ல வந்தியா?" இப்படி கேட்டா அவங்க கோவப்பட மாட்டாங்க, யோசிப்பாங்க.

பாராட்டும் இதே மாதிரி இடம் காட்டி சொல்லணும். "தாத்தா கண்ணாடிக்கு நூல் கட்டியிருந்தார்னு எழுதியிருந்தியே, அந்த வரில எனக்கு ஆளே கண் முன்னாடி வந்துட்டார்." இதை கேட்டவங்களுக்கு அடுத்த தடவ எதை தொடரணும்னு தெரியும். பாராட்டின கையோட "ஆனா"னு மட்டும் ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ், அந்த ஒரு வார்த்தை முன்னாடி சொன்ன அத்தனையையும் அழிச்சிடும். பாராட்டி முடிங்க, கொஞ்சம் மூச்சு விடுங்க, அப்புறம் அடுத்தத சொல்லுங்க.

குறைகள்ல முக்கியமான மூணு போதும். ஒருதடவ என் கதைய ஒருத்தங்க பக்கம் முழுக்க சிவப்பு மையா திருப்பி குடுத்தாங்க, அவங்க சொன்னது எல்லாமே சரிதான், ஆனா எதுல ஆரம்பிக்கறதுனே தெரியாம அந்த கதைய நான் மறுபடி தொடவே இல்ல. அதனால ஒரே பிழை 12 இடத்துல வந்தா ஒரு இடத்துல காட்டுங்க, மீதிய அவங்களே தேடட்டும். வரிய நீங்களே மாத்தி எழுதியும் குடுக்காதீங்க, அது அவங்க குரல், உங்க வரி நல்லாவே இருந்தாலும் அங்க ஒட்டாது.

எல்லார் முன்னாடியும் வேண்டாம், தனியா சொல்லுங்க. வாட்ஸ்அப்ல டைப் பண்ணா சாதாரண வார்த்தை கூட கறாரா தெரியும், அதனால நேர்லயோ வாய்ஸ் மெசேஜ்லயோ பேசறது நல்லது. நீங்க சொன்னத அவங்க ஏத்துக்கலனா விட்டுடுங்க, எழுதினவங்கதான் முடிவு பண்ணணும்.

இன்னொண்ணு, வீட்ல நடந்த சாவு, பிரிவு மாதிரி அவங்க சொந்த வலிய எழுதியிருந்தா அமைப்பு, நடை எதையும் எடுத்த உடனே பேசாதீங்க. "இதை எழுதறது கஷ்டமா இருந்துச்சா?"னு முதல்ல கேளுங்க, அவங்க பேசட்டும், கட்டுரைய அப்புறம் பாக்கலாம்.