எலி கடித்த பழைய காரின் வயரிங்: குறைந்த செலவில் நாமே சரிசெய்யும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பகுதி வளவு வீடுகளின் கார் கொட்டகைகளில் நிற்கும் அம்பாசிடர், பத்மினி, மாருதி 800 போன்ற பழைய வண்டிகள் பலவும், வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்கள் பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ வரும்போதுதான் தெருவைப் பார்க்கின்றன. இடைப்பட்ட மாதங்களில், நெல்லும் புளியும் வைத்திருக்கும் அறைக்குப் பக்கத்தில், ஆள் நடமாட்டமே இல்லாத இருட்டில் கிடக்கும் பானட்டுக்குள் எலி குடியேறிவிடுகிறது. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கொறித்துத் தேய்த்தால்தான் அதனால் வாழ முடியும்.

கடிபட்ட வயரைப் பார்த்ததும் முழு வயரிங் செட்டையும் மாற்றிவிடத் தோன்றும். பெரும்பாலான வண்டிகளில் அது தேவையற்ற செலவு. ஒரு வயரை எடுத்து, சரிசெய்து, சோதித்த பிறகே அடுத்த வயரைத் தொடுவது என்ற ஒழுங்கைக் கடைசிவரை காப்பாற்றினால், முன் அனுபவம் இல்லாதவரும் இந்த வேலையைப் பாதுகாப்பாக முடிக்கலாம். காற்றுப்பை உள்ள வண்டியானால் மஞ்சள் உறையிட்ட வயர்களையும் மஞ்சள் கனெக்டர்களையும் தொடக்கூடாது. அவை காற்றுப்பைக்கு உரியவை.

தொடங்கும் முன்

சாவியைப் போட்டுப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு, முதலில் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள், பிறகு பாசிடிவ். திரும்ப மாட்டும்போது இந்த வரிசை தலைகீழாகும். மேலுறை போன இரண்டு வயர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், சாவியைத் திருப்பிய நொடியிலேயே வயரிங் முழுவதும் கருகக்கூடும்.

அடுத்து பெட்ரோல் ஹோஸ். வயரைக் கடித்த எலி ரப்பர் குழாயையும் விட்டுவைத்திருக்காது. டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை விரலால் தடவிப் பாருங்கள். பல் தடம் தெரிந்தாலே ஹோஸை மாற்றிவிட வேண்டும். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் சால்டரிங் அயர்னைச் சூடாக்கக் கூடாது. சக்கரங்களுக்குப் பக்கத்தில் உள்ள பிரேக் ஹோஸ்களையும் இதே சமயத்தில் பார்த்துவிடுங்கள்.

எலியின் சிறுநீர் வழியாக எலிக் காய்ச்சல் பரவும் என்பதால், கூட்டையும் புழுக்கையையும் காய்ந்த நிலையில் பெருக்கக் கூடாது. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலால் கூட்டை நனைத்துச் சற்று நேரம் ஊறவிட்டு, துணியால் அள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கரைசல் கனெக்டர்களுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

வாங்க வேண்டியவை

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ரோசின் கலந்த சால்டர் கம்பி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ், துணி டேப், கொஞ்சம் ஆட்டோ வயர், சில ஃபியூஸ்கள், ஒரு பழைய 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஆகியவை போதும். வீட்டு வயரிங்கில் மிச்சமான ஒற்றைக் கம்பி வயரை மட்டும் பயன்படுத்தாதீர்கள். ஓடும் வண்டியின் அதிர்வில் அது உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். பல இழை கொண்ட ஆட்டோ வயர்தான் தாங்கும்.

எந்தப் பருமன் வேண்டும் என்பதைக் கணக்கிட்டே தெரிந்துகொள்ளலாம். 60 வாட் ஹெட்லைட் பல்பை 12 வோல்ட்டால் வகுத்தால் 5 ஆம்பியர். இரண்டும் சேர்ந்தால் 10 ஆம்பியர். விளக்குகளுக்குத் தனித்தனியாகப் பிரியும் வயருக்கு 1.5 ஸ்கொயர் எம்.எம். தாராளமாகப் போதும், இரண்டுக்கும் பொதுவாக வரும் வயருக்கு 2.5 வாங்குங்கள். இண்டிகேட்டர், பார்க்கிங் லைட் போன்றவற்றுக்கு 1 போதும். பழைய வயரைவிட மெலிந்ததை ஒருபோதும் போடக்கூடாது. ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிளும் ஆல்டர்னேட்டரின் பிரதான வயரும் கடிபட்டிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

சேதத்தைக் கண்டுபிடித்தல்

எதையும் வெட்டுவதற்கு முன் செல்போனில் பல கோணங்களில் படம் எடுத்துவிட்டு, கடிபட்ட ஒவ்வொரு இடத்திலும் எண் எழுதிய காகித டேப்பை ஒட்டுங்கள். வெளியே தெரியும் இடங்களோடு நிறுத்திவிடாமல், கூடு இருந்த இடத்தின் அடியிலும் டாஷ்போர்டின் பின்புறமும் கம்பளத்தின் கீழும் வயர் கட்டைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

பிறகு மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஒரு முனையை வயரின் தொடக்கத்திலும் மறுமுனையை அதன் முடிவிலும் வையுங்கள். ஒலி வந்தால் வயர் அறுபடவில்லை. அடுத்து, அந்த வயரின் இரு பக்க இணைப்பையும் கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு முனையை வயரிலும் மறுமுனையை வண்டியின் இரும்புப் பாகத்திலும் வையுங்கள். இப்போது ஒலி வந்தால் வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. பல்பு மாட்டியிருக்கும்போதே இப்படிச் சோதித்தால் பல்பின் இழை வழியாகவே ஒலி வந்து குழப்பும். நிறத்தை மட்டும் நம்பி இணைப்பதும் ஆபத்தானது, ஏனெனில் பழைய வண்டியில் பல கைகள் பல நிறங்களை மாற்றியிருக்கும்.

இணைத்தல்

பொறுமை அதிகம் வேண்டிய இடம் இதுதான். நம் பகுதி வண்டிகளில் எலி கடித்த பல மாதங்களுக்குப் பிறகே சேதம் கண்ணில் படுகிறது. அதற்குள் ஈரமும் சிறுநீரும் மேலுறைக்குள் ஊடுருவிச் செம்பைக் கறுக்கவோ பச்சை பூக்கவோ வைத்திருக்கும். அத்தகைய செம்பில் சால்டர் பிடிக்காது. எனவே பளபளப்பான செம்பு தெரியும் வரை இரு பக்கமும் வெட்டிக்கொண்டே செல்லுங்கள். நீளம் குறைந்தால் அதே பருமன் உள்ள புது வயர்த் துண்டை இடையில் சேருங்கள்.

ஸ்லீவை முதலிலேயே வயருக்குள் நுழைத்துத் தள்ளி வைத்துவிடுங்கள். இணைத்த பிறகு அது நுழையாது. இரு முனைகளிலும் சுமார் 2 செ.மீ. மேலுறையை நீக்கி, ஒன்றையொன்று சுற்றிப் பின்னி, இழுத்தால் பிரியாத அளவுக்கு முறுக்குங்கள். அயர்னைச் செம்பின் அடியில் வைத்துச் சூடேற்றி, சால்டர் கம்பியை மேற்புறத்தில் தொட்டால், அது தானாக உருகி இழைகளுக்குள் இறங்கும். அயர்னில் உருக்கிச் சொட்டவிட்ட சால்டர் மேலே உருண்டை கட்டி நிற்குமே தவிர உள்ளே போகாது. தகர வேலையில் சால்டர் பிடிப்பதற்காகத் தடவும் அமில ஃபிளக்ஸைத் தொடவே வேண்டாம். அது செம்பை அரித்துவிடும். ஆறியதும் ஸ்லீவை நடுவில் நிறுத்திச் சூடு காட்டிச் சுருக்குங்கள்.

ஒரே கட்டில் நான்கைந்து வயர்கள் அறுந்திருந்தால், இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் வராதபடி ஒவ்வொன்றையும் சில செ.மீ. தள்ளித் தள்ளி அமைக்க வேண்டும். அப்போதுதான் கட்டு ஓரிடத்தில் புடைக்காது; ஒரு ஸ்லீவ் கிழிந்தாலும் பக்கத்து இணைப்பைத் தொடாது. சால்டர் ஏறிய இடத்தின் ஓரம் விறைப்பாகி அதிர்வில் முறியக்கூடும் என்பதால், துணி டேப்பால் சுற்றி, பாடியோடு அசையாமல் கட்டிவிடுங்கள்.

மின்சாரம் கொடுத்தல்

எல்லா ஃபியூஸ்களையும் கழற்றி வைத்துவிட்டு பேட்டரியை மாட்டுங்கள். ஒரு ஃபியூஸ் இருந்த இடத்தில், இரு வயர் இணைத்த 21 வாட் பல்பைப் பொருத்தி, அந்த இணைப்பைச் சேர்ந்த விளக்குகளையும் கருவிகளையும் அணைத்து வையுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது; ஆனால் பல்பு 2 ஆம்பியருக்கு மேல் மின்சாரத்தை விடாது என்பதால் வயர் கருகாது. அந்த வயர் கட்டை மெல்ல அசைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் பல்பு மங்குகிறதோ அங்கேதான் கோளாறு. எரியாவிட்டால் பல்பை எடுத்துவிட்டு, உரிய ஃபியூஸைப் பொருத்தி அடுத்ததற்குச் செல்லுங்கள்.

ஃபியூஸ் மீண்டும் மீண்டும் போகிறது என்பதற்காக அதன் இடத்தில் செம்பு இழையைச் சுற்றுவதையோ பெரிய ஃபியூஸ் போடுவதையோ நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஃபியூஸ் காப்பது வயரைத்தான். அதை ஏமாற்றினால் அடுத்து எரிவது வண்டி, அதையடுத்துத் தேக்கு மரம் இழைத்த வீடு.

ஹெட்லைட்டைப் பத்து நிமிடம் எரியவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிகிற இணைப்பை வெட்டி மறுபடி செய்யுங்கள்.

மீண்டும் வராதிருக்க

நாற்றமூட்டும் மருந்துகளின் வீரியம் சில நாளில் குறைந்துவிடும். நெல், புளி, நாய்க்கான உணவு ஆகியவற்றைக் கொட்டகைக்குப் பக்கத்திலிருந்து அகற்றுவதும், கதவடி இடைவெளியையும் தண்ணீர் போகும் துளையையும் 6 மி.மீ. கண்ணுள்ள இரும்பு வலையால் அடைப்பதும்தான் பலன் தரும். விஷம் வேண்டாம், தின்ற எலி டாஷ்போர்டுக்குள் செத்தால் அதை எடுக்க முழு வண்டியையும் பிரிக்க நேரும். சுவரோரமாக எலிப்பொறி வையுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பார்த்து, சற்று நேரம் எஞ்சினை ஓடவிடச் சொல்லுங்கள். புதிதாகப் புழுக்கையோ நார்க்குப்பையோ தென்பட்டால், வண்டியை எடுக்காமல் உங்களுக்குப் படம் அனுப்பச் சொல்லிவிடுங்கள்.