எச்டிஆக்சஸ் கோப்பு இருந்தால் மட்டும் போதாது

இணையதளங்களை வழங்கும் அப்பாச்சி (Apache) சர்வர் மென்பொருளில் ஒரு ஃபோல்டருக்கு மட்டும் தனி விதி வேண்டுமானால், அந்த விதியை எழுதிய எச்டிஆக்சஸ் (.htaccess) கோப்பை அதற்குள் வைப்போம். உள்ஃபோல்டர்களுக்கும் அதே விதி பொருந்தும். கோப்பை வைத்துவிட்டோம், இனி பாதுகாப்புதான் என்று நம்பிவிடுவது இதில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

அப்பாச்சி 2.4-இல் அலவ்ஓவர்ரைடு (AllowOverride) என்ற அனுமதி இயல்பிலேயே அணைந்திருக்கும். சர்வரின் முதன்மை அமைப்பில் அதைத் திறக்காதவரை இந்தக் கோப்பை அப்பாச்சி படிக்கவே படிக்காது. என்ஜின்எக்ஸ் (nginx) என்ற இன்னொரு சர்வர் மென்பொருளில் இப்படி ஒரு வசதியே கிடையாது. இரண்டிலும் எந்தப் பிழைச்செய்தியும் வராது. கடவுச்சொல் கேட்ட ஃபோல்டர், இப்படிப்பட்ட சர்வருக்கு ஹோஸ்டிங் மாறிய அன்றே எல்லோருக்கும் திறந்துவிடும். உள்ளிருக்கும் பேக்கப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

சோதிப்பது எளிது. அதே தளத்தில் ஒரு சோதனை ஃபோல்டரைத் திறந்து, அங்கே வைக்கும் எச்டிஆக்சஸ் கோப்பில் பொருளற்ற ஒரு சொல்லை எழுதுங்கள். 500 என்ற சர்வர் பிழை வந்தால் சரி, சர்வர் படிக்கிறது. பக்கம் வழக்கம்போல் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். உண்மையிலேயே ரகசியமானவற்றை இணையத்திலிருந்து எட்டக்கூடிய ஃபோல்டரிலேயே வைக்காதீர்கள்.

ஒரே ஒரு தவறான வரிகூட அந்த ஃபோல்டர் முழுவதையும் முடக்கிவிடும். பழைய சர்வரிலிருந்து பிஎச்பி (PHP) நிரல்மொழிக்கான அமைப்பு வரிகளை அப்படியே நகலெடுப்பவர்கள் அடிக்கடி இதில் மாட்டுகிறார்கள். பிஎச்பி இப்போது அப்பாச்சிக்கு வெளியே, எஃப்பிஎம் (PHP-FPM) என்ற தனி நிரல் வழியாக ஓடினால் அப்பாச்சிக்கு அந்த வரிகள் புரியாது. அவற்றை யூசர் ஐஎன்ஐ (.user.ini) கோப்புக்கு மாற்றுங்கள். அதில் செய்யும் மாற்றம் தெரிய 5 நிமிடம் வரை ஆகலாம்.

வரும் முகவரியை வேறொன்றாக மாற்றும் ரீரைட் விதியை முதன்மை அமைப்பிலிருந்து எடுத்து இந்தக் கோப்பில் ஒட்டும்போது, தொடக்கத்தில் உள்ள சாய்கோட்டை (/) நீக்க வேண்டும். ஃபோல்டர் அளவில் அப்பாச்சி முகவரியிலிருந்து அதை வெட்டிவிட்டுத்தான் ஒப்பிடும் என்பதால், நீக்காவிட்டால் விதி ஒருபோதும் பொருந்தாது. உள்ஃபோல்டரில் தனியாக ரீரைட்டை இயக்கினால் மேல்ஃபோல்டரின் ரீரைட் விதிகள் அங்கே செல்லாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

இந்தக் கோப்பில் வேர்ட்பிரஸ் தனக்கென்று குறித்துவைத்திருக்கும் பகுதிக்குள் எதையும் எழுதாதீர்கள், பெர்மாலிங்க் (பக்க முகவரி) அமைப்பைச் சேமித்ததும் அழிந்துவிடும். அப்புறம், வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ரீடைரெக்டைச் சோதிக்கும்போது தற்காலிகமான 302 போடுங்கள். நிரந்தரமான 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்வதால், விதியைத் திருத்திய பிறகும் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும்.

சர்வர் முழுவதும் உங்கள் கையில் இருந்தால் இந்தக் கோப்பே தேவையில்லை. அனுமதி திறந்திருந்தால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் வழியிலுள்ள ஃபோல்டர்களில் எல்லாம் அப்பாச்சி அதைத் தேடுகிறது. விதிகளை முதன்மை அமைப்பில் எழுதினால் சர்வர் தொடங்கும்போது ஒருமுறை படித்தாலே போதும்.