ஆம்பில் சிவப்பு லைட்டா? முதலில் வயர்களைக் கழற்றுங்கள்

போன மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மதியம், குடியாத்தத்திலிருந்து ஒரு அண்ணன் காட்பாடியில் உள்ள என் கடைக்குக் காரை ஓட்டி வந்தார். "தம்பி, ஆம்ப் போயிடுச்சு. வேற ஒண்ணு போட்டுடு" என்றார். டிக்கியைத் திறந்து பார்த்தேன். நான்கு சேனல் ஆம்ப், அதாவது நான்கு ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி; பச்சை எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு. வேறொரு கடையில் அவருக்குப் பன்னிரண்டாயிரத்துக்குப் புது ஆம்ப் விலை சொல்லியிருந்தார்கள்.

சிவப்பு லைட் என்றால் ஆம்ப் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஷார்ட், வோல்டேஜ் குறைவு, அதிகச் சூடு என்று ஏதோ ஒன்று தன்னைக் கெடுக்கப் பார்க்கிறது என்று தெரிந்ததும் ஆம்ப் தானே வாயை மூடிக்கொள்கிறது. அதைத்தான் புரொடெக்‌ஷன் என்கிறோம். என்னிடம் வருபவற்றில் பாதிக்கு மேல் கோளாறு ஆம்புக்கு வெளியேதான் இருக்கிறது. அதனால் பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

கார் ஸ்டீரியோ செட்டை ஆஃப் செய்யுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பிலிருந்து எல்லா ஸ்பீக்கர் வயர்களையும், செட்டிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ பின்களையும் கழற்றிவிடுங்கள். பேட்டரி பிளஸ், எர்த் (வண்டி இரும்பில் மாட்டும் மைனஸ் வயர்), ரிமோட் வயர் (செட் ஆன் ஆனதும் ஆம்பை ஆன் செய்யும் வயர்) மூன்று மட்டும் இருக்கட்டும். இப்போது செட்டை ஆன் செய்யுங்கள். பச்சை எரிந்தால் ஆம்ப் பெரும்பாலும் நல்லபடியாகத்தான் இருக்கிறது. இனி ஒவ்வொன்றாக மாட்டுங்கள்: முதலில் ஆர்சிஏ, அப்புறம் ஒவ்வொரு ஸ்பீக்கராக. ஒவ்வொரு முறையும் ஆஃப் செய்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். எதை மாட்டியதும் சிவப்பு வருகிறதோ, அங்கேதான் கோளாறு.

அந்த அண்ணன் காரில் எல்லாவற்றையும் கழற்றியதும் பச்சை வந்தது. திரும்ப மாட்டினேன், எல்லாமே பச்சை! அரை மணி நேரம் பாட்டு ஓடியது. எனக்கே குழப்பம். "எப்பண்ணே சிவப்பு வருது?" என்று கேட்டேன். "பையன் ஓட்டுனா வருது, நான் ஓட்டுனா வர்றதில்ல" என்றார். பையன் உயரமாம், சீட்டைப் பின்னால் தள்ளித்தான் உட்காருவானாம். டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளினேன். சிவப்பு. முன்னால் இழுத்து, செட்டை அணைத்துப் போட்டேன். பச்சை.

சீட்டைக் கழற்றினால், டிரைவர் பக்கக் கதவு ஸ்பீக்கருக்குப் போகும் வயர் கார்ப்பெட்டுக்கு மேலே எழும்பி, சீட் ரெயிலுக்குள் படுத்திருந்தது. ரெயில் தோலைச் சீவியதில் அரிசி நீளத்துக்குச் செம்பு வெளியே தெரிந்தது. சீட் பின்னால் போகும்போது அந்த இடம் இரும்பில் உரசும். உரசினால் ஷார்ட், உடனே சிவப்பு. வயரை வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, ரெயிலுக்குத் தள்ளி வேறு வழியில் கொண்டுபோனேன்.

இதை மல்டிமீட்டரிலும் பிடிக்கலாம். ஸ்பீக்கர் வயரை ஆம்பிலிருந்து கழற்றிய நிலையில், மீட்டரைப் பீப் மோடில் போட்டு, ஒரு முள்ளை வயர் முனையிலும் மறு முள்ளை வண்டி பாடியிலும் வையுங்கள். பீப் சத்தம் வரவே கூடாது. சோதிக்கும்போது சீட்டை ஆட்டுங்கள், கதவைத் திறந்து மூடுங்கள். மீட்டரை ஓமில் போட்டு, அந்த ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் வயர்களுக்கு நடுவே வைத்தால், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுமார் 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்டும். ஒரு ஓமுக்குக் கீழே போனால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் எரிந்திருக்கலாம்.

ஊஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) வைத்தவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். இரண்டு 4 ஓம் ஊஃபரைப் பேரலலாகப் போட்டால் 2 ஓம் ஆகிவிடும். பல ஆம்புகள் பிரிட்ஜில், அதாவது இரண்டு சேனலைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும்போது, 4 ஓமுக்குக் கீழே தாங்காது. சவுண்டை ஏற்றும்போது மட்டும் சிவப்பு வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது எர்த். பேஸ் அடிக்கும் நேரத்தில் மட்டும் சிவப்பு மின்னினால் பத்தில் ஏழு தடவை இதுதான். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும்; எர்த் சரியில்லை என்றால் அது முழுதாக ஆம்புக்குப் போய்ச் சேராது. சவுண்டை ஏற்றி, ஆம்பின் எர்த் ஸ்குரூவுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெயின்ட் மேலேயே ஸ்குரூ முறுக்கியிருப்பார்கள். முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, வாஷர் போட்டு இறுக்குங்கள். எர்த் வயர் பிளஸ் வயர் அளவுக்குத் தடிமனாகவும், அரை மீட்டருக்குள்ளும் இருக்கட்டும்.

வெயிலில் நிறுத்திய காரில், ஆம்ப் மேல் துணியும் பையும் கிடந்தால் சூட்டாலும் சிவப்பு வரும். கை வைக்க முடியாத சூடு என்றால் அரை மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள்.

ஸ்பீக்கர், ஆர்சிஏ எல்லாவற்றையும் கழற்றியும், பேட்டரி, எர்த், ரிமோட் மூன்றும் சரியாக இருந்தும் சிவப்பே எரிந்தால், உள்ளே டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அதை டேபிளில் வைத்துத்தான் பார்க்க முடியும். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில்தான் மாற்றுங்கள். பெரியதாகப் போட்டால் வயர் தீப்பிடிக்கலாம்.

குடியாத்தத்து அண்ணனிடம் வேலைக்கு நானூறு ரூபாய் வாங்கினேன். பையனை அழைத்து வரச் சொல்லி, சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி அவனை உட்காரவைத்து, காட்பாடி மேம்பாலம் வரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகுதான் காரை ஒப்படைத்தேன்.