பிரெஞ்சில் ‘புறப்பட்டிருந்தது’ என்று எழுதுவது எப்படி?

டெல்ஃப் பி1 என்னும் பிரெஞ்சு மொழித் தேர்வுக்காகப் படித்த மாதங்களில் என் பயிற்சிக் கட்டுரைகளில் சிவப்பு மை அதிகம் விழுந்த இடம் ப்ளூஸ்-க-பார்ஃபே என்னும் காலம்தான். கடந்த காலத்தில் நடந்த ஒன்றுக்கும் முன்னதாகவே நடந்து முடிந்த வினையைச் சொல்ல இது பயன்படுகிறது. “நான் கார் த லியோன் நிலையத்தை அடைந்தபோது ரயில் புறப்பட்டிருந்தது” என்பதில் ‘புறப்பட்டிருந்தது’ அந்தக் காலத்தில் நிற்கிறது. பிரெஞ்சில் அது ‘ல த்ரேன் எத்தே பார்த்தீ’. ஆங்கில வழியாகப் படித்தபோது பிடிபடாத இந்தக் காலம், தமிழ் வினையின் அமைப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எனக்குப் பிடிபட்டது. பாஸே கோம்போஸே, எம்பார்ஃபே ஆகிய இரண்டு கடந்தகால வடிவங்களும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் படியாக, துணைவினையை எம்பார்ஃபே காலத்தில் வையுங்கள். துணைவினைகள் இரண்டு: ‘அவுவார்’ (உடைத்தாயிருத்தல்), ‘எத்ர்’ (இருத்தல்). ‘அவுவார்’ என்றால் ஜவே, து அவே, இல் அவே, நூஸ் அவியோன், வூஸ் அவியே, இல்ஸ் அவே. ‘எத்ர்’ என்றால் ஜெத்தே, து எத்தே, இல் எத்தே, நூஸ் எத்தியோன், வூஸ் எத்தியே, இல்ஸ் எத்தே. ஆறு வடிவங்களில் நான்கு காதுக்கு ஒன்றாகவே கேட்கும், ஆனால் அந்த நான்கையும் மூன்று விதமாக எழுத வேண்டும். இதற்குக் கைபேசிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. விடையைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பயிற்சியில் எழுத்துக்கூட்டல் கையில் பதிவதே இல்லை. கோடு போட்ட நோட்டில், அவுவாருக்கு நீல மையும் எத்ருக்குப் பச்சை மையும் வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லியபடி எழுதுவதே சிறந்தது.

இரண்டாம் படியில் முதன்மை வினையின் பார்த்திசீப் பாஸே வடிவத்தை, அதாவது ‘புறப்பட்டு’ போன்று துணைவினையோடு சேரும் வடிவத்தை, சேர்க்க வேண்டும். பாஸே கோம்போஸேயில் நீங்கள் பயன்படுத்திய பார்லே, ஃபினி, வாந்தூ, ப்ரீ, ஃபே ஆகிய அதே வடிவங்கள்தான் இங்கும் வருகின்றன. ‘புறப்பட்டு’ முன்னும் ‘இருந்தது’ பின்னும் நிற்கும் தமிழ் வரிசை பிரெஞ்சில் தலைகீழாகிறது, அவ்வளவே. எதிர்மறையில் ‘பா’ என்ற சொல் துணைவினையை ஒட்டி நடுவில் அமரும்: ‘ஜ நவே பா கோம்ப்ரீ’, அதாவது ‘நான் புரிந்துகொண்டிருக்கவில்லை’.

என்னை நெடுநாள் தடுக்கி விழச் செய்தது மூன்றாம் படி. தமிழில் எந்த வினையானாலும் ‘இரு’ என்ற ஒரே துணைவினை போதும்; பிரெஞ்சில் பெரும்பாலான வினைகளுக்கு அவுவாரும், போதல், வருதல், பிறத்தல், இறத்தல் போன்ற ஒரு சிறு கூட்டத்துக்கும் தற்சுட்டு வினைகளுக்கும் (செய்பவரையே திரும்பச் சுட்டும் வினைகள்) எத்ரும் வருகின்றன. அந்தக் கூட்டத்தை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் மோந்தே (ஏறுதல்), தெசாந்த்ர் (இறங்குதல்), சோர்தீர் (வெளியே போதல்), ராந்த்ரே (வீடு திரும்புதல்), ரத்தூர்னே (திரும்பிப் போதல்), பாஸே (கடந்து போதல்) ஆகிய ஆறு வினைகள் இடத்துக்கேற்ப இரண்டையும் ஏற்கின்றன. ‘அவள் இறங்கியிருந்தாள்’ என்று எழுத நினைத்து ‘எல் அவே தெசாந்தூ’ என்று நான் எழுதியது ஒன்றிரண்டு முறையல்ல.

வழி தமிழிலேயே இருந்தது. நாம் ‘ஏறு’ என்பதற்கும் ‘ஏற்று’ என்பதற்கும், ‘இறங்கு’ என்பதற்கும் ‘இறக்கு’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லுக்குள்ளேயே ஒற்றை இரட்டித்தோ மெல்லினத்தை வல்லினமாக்கியோ காட்டிவிடுகிறோம். பிரெஞ்சு அதே வேறுபாட்டைத் துணைவினையை மாற்றிக் காட்டுகிறது. ‘ஏறியிருந்தாள்’ என்றால் ‘எல் எத்தே மோந்தே’. ‘பெட்டியை மேலே ஏற்றியிருந்தாள்’ என்றால் ‘எல் அவே மோந்தே லா வலீஸ்’. ‘வெளியே போயிருந்தாள்’ என்பது ‘எல் எத்தே சோர்தீ’, ‘நாயை வெளியே அழைத்துப் போயிருந்தாள்’ என்பது ‘எல் அவே சோர்தீ ல ஷியன்’. தமிழில் ‘ஏறு’ போன்றதா (எத்ர்), ‘ஏற்று’ போன்றதா (அவுவார்) என்று பார்க்கும் இந்தச் சோதனையை அந்த ஆறு வினைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நடத்தலும் ஓடுதலும் செயப்படுபொருளை வேண்டாதவையாயினும் பிரெஞ்சில் அவுவாரையே ஏற்கின்றன.

பின்சேர்க்கை: ‘படியேறியிருந்தாள்’ என்பதற்கு இந்தச் சோதனை பொருந்தவில்லையே என்று ஒரு வாசகர் சரியாகவே கேட்டிருந்தார். தமிழில் அது ‘ஏறு’தான், ஆனால் பிரெஞ்சில் படிக்கட்டு நேரடிச் செயப்படுபொருளாகிவிடுவதால் ‘எல் அவே மோந்தே லெஸ்காலியே’ என்றே எழுத வேண்டும். ஆகவே தமிழ்ச் சோதனைக்குப் பிறகு, பிரெஞ்சு வினையை அடுத்து முன்னிடைச்சொல் (பெயருக்கு முன் வரும், வேற்றுமை உருபு போன்ற சொல்) இல்லாமல் செயப்படுபொருளாகப் பெயர்ச்சொல் வருகிறதா என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி, பால் எண் இயைபு. எத்ர் வந்தால், எழுவாய் பெண்பாலாக இருக்கும்போது பார்த்திசீப்பின் இறுதியில் ‘ஈ’ என்னும் ரோமன் எழுத்தும், பன்மையில் ‘எஸ்’ எழுத்தும் சேரும். பெரும்பாலும் இது காதுக்குக் கேட்காது. ‘மோர்’ பெண்பாலில் ‘மோர்த்’ ஆவது போன்ற சில இடங்களில் மட்டும் கேட்கும். அவுவார் வந்தால் எழுவாயோடு இயைபு இல்லை, ஆனால் செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்துவிட்டால் அதனோடு இயைய வேண்டும். ‘நான் கடிதம் எழுதியிருந்தேன்’ என்பது ‘ஜவே எக்ரி லா லெத்ர்’. ‘நான் எழுதியிருந்த கடிதம்’ என்பதோ ‘லா லெத்ர் க ஜவே எக்ரீத்’. கடிதம் முன்னால் வந்ததும் இறுதி ஒலி எழுந்து நிற்பதைக் கவனியுங்கள்.

எப்போது பயன்படுத்துவது என்பதிலும் தமிழ் பெரும்பாலும் கைகொடுக்கிறது. ‘நான்தான் சொல்லியிருந்தேனே’ என்பதற்கு ‘ஜ த லவே தி’; ‘தெரிந்திருந்தால்’ என்பதற்கு ‘ஸி ஜவே ஸ்யூ’. ஓர் இடத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ‘நேற்று மாமா வந்திருந்தார்’ என்று நாம் சொல்லும்போது வேறெந்த நிகழ்ச்சிக்கும் முன்னால் வந்தார் என்று பொருளில்லை. வந்து, சிறிது நேரம் இருந்து, போனார் என்றே பொருள். அந்த வாக்கியத்திலோ அதன் அக்கம்பக்கத்திலோ பின்னால் நடந்த இன்னொரு நிகழ்ச்சி இல்லையென்றால் பாஸே கோம்போஸேயே சரி: ‘மோன் ஓன்க்ல் எ வன்யூ இயேர்’.