வயித்தால போவுதா? மாத்திரைய தேடாதீங்க, மொதல்ல தண்ணிய குடுங்க

ஐப்பசி அடைமழை புடிச்சா நம்ம தஞ்சாவூர் திருவாரூர் நாகப்பட்டினம் பக்கம் வாய்க்கா தண்ணி, வயக்காட்டு தண்ணி, தெருத்தண்ணி எல்லாம் ஒண்ணாயிடும், அடிபம்பு மேடை முழுகி கெடக்கும், பைப்புல கலங்கலா வரும், அப்புறம் பாத்தா வீட்டுக்கு வீடு வயித்தால போவுதுங்கற பேச்சுதான். உடனே மெடிக்கல்ல போயி "பேதி நிக்கிற மாத்திரை குடுங்க"ன்னு நிப்போம். பேதிய நிறுத்தறது இங்க பெரிய விஷயமே இல்லங்க, முக்காவாசி ரெண்டு மூணு நாள்ல தானா அடங்கிடும், ஆள சாய்க்கறது உடம்புலேந்து போற தண்ணியும் உப்பும்தான். ஒரு நாளைக்கு 3 தடவையோ அதுக்கு மேலயோ தண்ணியா போச்சுன்னா அப்பவே ஓஆர்எஸ், அதான் உப்பும் சர்க்கரையும் அளவா கலந்த கரைசல், ஆரம்பிச்சிடுங்க.

பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மாவே குடுப்பாங்க. பெருசு 1 லிட்டர் தண்ணிக்கு, சின்னது 200 மில்லிக்கு, அட்டையிலயே போட்டிருக்கும். ஆனா வீட்ல என்ன நடக்குது, பெரிய பாக்கெட்ட ஓரமா கிழிச்சு ஒரு டம்ளர்ல கொஞ்சம் தட்டிட்டு மீதிய மடிச்சு ரப்பர் பேண்ட் போட்டு அலமாரில சொருகிடறாங்க. அப்படி செய்யாதீங்க, உப்பு தூக்கலானா கொழந்தைக்கு ஆபத்து, கம்மியானா குடுத்தும் பிரயோஜனமில்ல. காலி 1 லிட்டர் வாட்டர் பாட்டில்ல கொதிச்சு ஆறுன தண்ணிய அளந்து ஒரு குண்டான்ல ஊத்தி, முழு பாக்கெட்டையும் ஒரே தடவையா கொட்டி கலக்கி மூடி வைங்க. 24 மணி நேரம் தாண்டினா மீதிய கொட்டிட்டு புதுசா கலக்கணும். பாக்கெட் கெடைக்கலயா, 1 லிட்டருக்கு தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

சர்க்கரை எதுக்குன்னு கேப்பாங்க. குளுக்கோஸ் குடலுக்குள்ள உறிஞ்சப்படும்போது உப்பையும் கூட இழுத்துட்டு போவும், அது பின்னாடியே தண்ணியும் போவும், பேதி ஓடிக்கிட்டு இருந்தாலும் இந்த வேலை நடக்கும். 1971ல பங்களாதேஷ் போர் அகதிங்க முகாம்ல காலரா வந்து சலைன் பாட்டில் தீந்துபோனப்ப டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த உப்பு சர்க்கரைய கரைச்சு குடிக்க வச்சுதான் சாவ மளமளன்னு கொறைச்சாரு. அதுக்காக சோடா, கடை ஜூஸ்லாம் குடுத்துடாதீங்க, அதுல இருக்கற சர்க்கரை இன்னும் தண்ணிய வெளிய இழுக்கும்.

ரெண்டு வயசுக்குள்ள இருந்தா ஒவ்வொரு தடவ போனதுக்கப்புறமும் 50லேந்து 100 மில்லி, அதுக்கு மேல பத்து வயசு வரைக்கும் 100லேந்து 200, பெரியவங்க குடிக்க முடிஞ்ச மட்டும். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, மொத்தமா ஊத்துனா திரும்ப வந்துடும். தாய்ப்பால நிறுத்தவே கூடாது. வயித்த காயப்போடறதும் வேணாம், உப்பு போட்ட கஞ்சி, இட்லி, மோர் சாதம், வாழப்பழம்னு எது எறங்குதோ குடுங்க. கொழந்தைக்கு ஜிங்க் மாத்திரையும் உண்டு, ஆறு மாசத்துக்கு மேல 20 மில்லிகிராம், 14 நாள், பேதி நின்னாலும் முழுசா குடுத்து முடிக்கணும்.

பேதி நிக்கிற மாத்திரை கொழந்தைக்கு கூடவே கூடாது. ஆன்டிபயாடிக்க நீங்களா வாங்கி போடாதீங்க. தொக்கம் எடுக்கறேன்னு தூக்கிட்டு அலையறவங்கள என்ன சொல்றது, அந்த அரை நாள்லதான் புள்ள காஞ்சு போவுது.

காஞ்சுட்டான்னு எப்படி கண்டுபிடிக்கறது? வயித்து தோல லேசா கிள்ளி விட்டா உடனே படியாம மெதுவா எறங்கும், கண்ணு உள்ள போயிருக்கும், அழுதா கண்ணீர் வராது, ஆறு மணி நேரமா ஒண்ணுக்கு போயிருக்காது, கைக்கொழந்தைன்னா உச்சிக்குழி உள்வாங்கியிருக்கும். இதுல எது இருந்தாலும், இல்ல மலத்துல ரத்தம், அரிசி கழுவுன தண்ணி மாதிரி கொட்டறது, குடிக்க முடியாம தொவண்டு கெடக்கறது, ஆறு மாசத்துக்குள்ள கொழந்தை, இப்படின்னா வீட்டு வைத்தியம் பேசிட்டு உக்காராதீங்க, 108க்கு போன் போடுங்க, வண்டி வர்ற வரைக்கும் முழிச்சிருந்து முழுங்குற புள்ளைக்கு ஸ்பூன்ல குடுத்துட்டே இருங்க. சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடற பெரியவங்களுக்கு பேதின்னா எந்த மாத்திரைய நிறுத்தறது எத தொடர்றதுன்னு டாக்டர்ட்ட கேட்டுடுங்க.

மழை காலத்துல தண்ணி தளதளன்னு கொதிச்சப்புறம் இன்னும் ஒரு நிமிஷம் விட்டு எறக்குங்க, கலங்கலா இருந்தா மொதல்ல தெளிய வச்சு துணில வடிகட்டிட்டு. கொல்லைக்கு போயிட்டு வந்தா, புள்ளைக்கு கழுவி விட்டா சோப்பு போட்டு கை கழுவணும். கொழந்தைக்கு பேதி உண்டாக்குற ரோட்டா வைரஸ தடுக்கற சொட்டு மருந்து 6, 10, 14 வாரத்துல இலவசமா போடறாங்க, நர்ஸ் அக்கா வர்ற அன்னிக்கு தடுப்பூசி அட்டைய எடுத்து காமிச்சு போட்டாச்சான்னு பாத்துக்குங்க.