பத்தாவது எழுத வரும் பெரியவர்கள்: சொல்லிக்கொடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு, முப்பத்தைந்து நாற்பது வயதில் பத்தாவது தனித்தேர்வு எழுத வருபவர்கள் தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தையல் வேலை செய்பவர், கொத்தனார், சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர், பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவர். சிலருக்குப் பதவி உயர்வு வேண்டும், சிலருக்குப் பிள்ளைக்கு முன்னால் ஒரு சான்றிதழ் வேண்டும். இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முன்வருபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், பக்கத்துத் தெருவில் படித்தவர்கள். எல்லாருக்கும் நல்ல மனசுதான். ஆனாலும் பாதிப் பேர் நடுவில் நின்றுவிடுகிறார்கள் என்றால் பாடம் கடினம் என்பது மட்டும் காரணமாக இருக்காது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு நடத்துகிற மாதிரியே இவர்களுக்கும் நடத்துவதுதான் பெரும்பாலும் காரணம்.

முதல் நாளே புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் ஆரம்பிப்பதைப் பாருங்கள். பள்ளி மாணவருக்கு ஒரு வருடம் முழுக்க இருக்கிறது. வேலைக்குப் போய்விட்டு வருபவருக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. தேர்ச்சிக்கு அவருக்கு வேண்டியது ஒரு பாடத்துக்கு 35 மதிப்பெண். அதனால் பாடப்புத்தகத்துக்கு முன்னால் வினாத்தாளைத்தான் எடுக்க வேண்டும். கணக்கில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள், விடை கொடுக்கப்பட்டிருக்கும், தேர்ந்தெடுத்தால் போதும். கடைசியில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மதிப்பெண். ஆக, இந்த இரண்டு பகுதிகளில் மட்டும் 30 மதிப்பெண் இருக்கிறது. அப்புறம் இரண்டு மதிப்பெண் வினாக்களில் மூன்று எழுதினால் 35 தாண்டிவிடும். எல்லாமே சரியாக வந்துவிடாதுதான், ஆனால் எங்கே தொடங்குவது என்பது இதில் தெரிந்துவிடுகிறது. முக்கோணம் வரைவதும் வரைபடத்தாளில் புள்ளி வைப்பதும் கைவேலை. தையல்காரரும் தச்சரும் இதைப் பிடித்துக்கொள்ளும் வேகம் பத்தாவது மாணவர்களுக்குக்கூட வராது. இயற்கணிதத்தில் தொடங்கி முதல் வாரமே அவரை மிரளவைப்பானேன்?

ஆங்கிலத்திலும் இதே கதைதான். இலக்கண விதிகளில் இறங்கிவிடுகிறோம். மனப்பாடப் பாடல், படம் பார்த்து எழுதுவது போன்றவற்றை முதலில் கைவசப்படுத்தினால் ‘இங்கிலீஷ்ல நான் எழுதினேன்’ என்ற தைரியம் வரும். தமிழ்த்தாளில் படிவம் நிரப்பும் வினாவும் கடிதமும் வரும். வங்கியிலும் ரேஷன் கடையிலும் வருடக்கணக்காகப் படிவம் நிரப்பியவருக்கு அதில் சொல்லித்தர அதிகம் இருக்காது.

அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்காமல் விடுவது அடுத்த தவறு. சுவரின் மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க கொத்தனார் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்க்கிறார். பிதாகரஸ் தேற்றத்தை அவர் பல வருடமாகக் கையாள்கிறார், பெயர்தான் தெரியாது. ‘ரெண்டு வட்டி’ என்று கடன் வாங்கும் பெண்ணுக்கு நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம் என்பது மனக்கணக்கு. அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் இதிலும் ஓர் எல்லை உண்டு: ‘உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே’ என்று விட்டுவிடுவதும் தவறுதான். கையில் இருக்கும் கணக்கைத் தாளில் படிப்படியாக எழுதுவது தனிப் பழக்கம். மதிப்பெண் கிடைப்பது அந்தப் படிகளுக்குத்தான்.

பாடத்தைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது காகிதம். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 எடுக்க வேண்டும். நேரடித் தனித்தேர்வர், அதாவது பள்ளியில் சேராமல் முதல்முறை எழுதுபவர், செய்முறைப் பயிற்சி வகுப்புக்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும், அதற்கான அறிவிப்பு பொதுத்தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்பே வந்துவிடும். ‘தேர்வுக்கு அப்ளை பண்ணும்போது பார்த்துக்கலாம்’ என்று இருந்தவர்களுக்கு ஒரு வருடம் போய்விடும். இதை நினைவில் வைத்திருப்பது படிப்பவர் வேலை என்று சொல்லித்தருபவர் ஒதுங்கக் கூடாது.

அடுத்தது பெயர். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், பிறந்த தேதியில் ஒன்று வேறு மாதிரி. பெண்களில் இந்தச் சிக்கல் இல்லாதவர்தான் குறைவு. டி.சி.யும் பழைய பள்ளி தந்த பதிவுத்தாளும் (ரெக்கார்டு ஷீட்) எங்கே இருக்கின்றன என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். இல்லையென்றால் பழைய பள்ளிக்கு ஒருமுறை கூடவே போய் வாருங்கள். பல வருடம் கழித்துத் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்க அவருக்கு ஒரு கூச்சம் இருக்கும், நீங்கள் கூட இருந்தால் அது பாதியாகும்.

கண்ணாடியையும் யாரும் யோசிப்பதில்லை. நாற்பதைத் தொட்டால் பக்கத்தில் வைத்துப் படிக்கும் எழுத்து மங்கத் தொடங்கும். ‘படிக்கவே பிடிக்கல, தலை வலிக்குது’ என்பவரை முதலில் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கை வேகமும் அப்படித்தான். பல வருடம் பேனா பிடிக்காத கை மூன்று மணி நேரம் எழுதாது. வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடம் தருவார்கள், அந்தப் பத்து நிமிடத்தில் எதை முதலில் எழுதுவது என்று முடிவு செய்யவும் பழக்க வேண்டும். மாதிரித் தேர்வை அரை மணி நேரத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது நல்லது.

இனி மரியாதை. இருபது வயதுக் கல்லூரி மாணவர் நாற்பது வயதுக்காரரை ‘வா, போ’ என்று சொல்வதில்லை, அந்த அளவுக்கு எல்லாருக்கும் தெரியும். ஆனால் வாட்ஸாப் குழுவில் மதிப்பெண் பட்டியல் போடுவார். கரும்பலகைக்குக் கூப்பிடுவார். சத்தமாக வாசிக்கச் சொல்வார். ‘அக்கா, உங்க பொண்ணு இதைச் சீக்கிரம் போட்டுடுவா’ என்று சிரிப்பார். இவை எல்லாம் ஒரு பிள்ளைக்குச் சின்ன விஷயம். தெருவில் எல்லாருக்கும் தெரிந்தவராக வாழும் ஒரு பெரியவர் மறுநாள் வராமல் போக இவை போதும். மதிப்பெண்ணைத் தனியாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஊக்கம் என்ற பெயரில் சாதனைக் கதை சொல்வது. கேரளத்துக் கார்த்தியாயினி அம்மா 96 வயதில் 98 மதிப்பெண் வாங்கியது பெரிய விஷயம்தான். ஆனால் 2018இல் அவர் எழுதியது எழுத்தறிவுத் தேர்வு. பத்தாவது கணக்கோடு மல்லுக்கட்டுபவரிடம் அதைச் சொன்னால் ஊக்கம் வருமா, ‘என்னால அதுகூட முடியல’ என்ற எண்ணம் வருமா என்று யோசித்துப் பாருங்கள்.

விடுப்பு எடுத்துவிட்டு வருபவரிடம் ‘ஏன் ரெண்டு வாரமா வரல?’ என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். முகூர்த்த மாதத்தில் தையல்காரருக்கு நேரம் இருக்காது, அறுவடையில் வேறு யாருக்கோ இருக்காது, மாமியாருக்கு உடம்பு முடியாமல் போகும். வகுப்பைத் தொடர்கதையாக நடத்தினால் இரண்டு நாள் விட்டவர் மூன்றாம் நாள் புரியாமல் உட்கார்ந்திருந்துவிட்டு அப்புறம் நின்றுவிடுவார். ஒவ்வொரு நாளும் தனியாக நிற்கிற ஒரு சின்னப் பகுதியை எடுங்கள். தொண்ணூறுகளில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கத்தில் படிப்பவர்களுக்குத் தோதான இடத்திலும் நேரத்திலும் வகுப்பு நடந்தது. புதுக்கோட்டையில் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு வீட்டுத் திண்ணைதான் வசதி என்றால் வகுப்பு அங்கேதான்.

அடுத்த கட்டம் பற்றித் தெரியாமல் யோசனை சொல்வதும் ஆபத்து. ‘பத்தாவது, பன்னிரண்டாவது எதுக்கு, நேரா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில டிகிரி வாங்கிடலாம்’ என்று யாராவது சொல்வார்கள். இந்தப் படிகளைத் தாண்டாமல் திறந்தநிலையில் பெறும் பட்டம் அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்று தமிழ்நாடு அரசு 2009இலேயே ஆணை போட்டிருக்கிறது. எந்தச் சான்றிதழானாலும், எதற்காகப் படிக்கிறாரோ அந்த அலுவலகத்தில் அது ஏற்கப்படுமா என்று பணம் கட்டும் முன் கேட்டுவிட வேண்டும்.

முடிவு வரும் நாளில் பலர் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். ஒரு பாடத்தில் போயிருந்தால் அந்த ஒரு பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதினால் போதும், மற்றவற்றின் மதிப்பெண் அப்படியே இருக்கும். ஆனால் விண்ணப்பிக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். அவர் எடுக்கும்வரை காத்திருக்காமல் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய், ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, கடைசித் தேதியை அவர் வீட்டுக் காலண்டரில் எழுதிவிட்டு வாருங்கள்.